பனை உச்சியைப் பார்த்த அக்கா

கொல்லங்கோடு,
ஜனவரி 6.

அன்புள்ள கோகுல்நாத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சினைமாடும் சுகம். அங்கே பனிமலைக் காவலில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும்.

இவ்வளவுதான் அப்பா சொன்னார். "வாய்க்கால்ல தண்ணி திருப்போணும், மீதிய நீயே எழுது கண்ணு" என்று மண்வெட்டியோடு போய்விட்டார். ஆகவே அண்ணா, இனி எழுதுவது ஜீவிதா. முதலில் என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். வேனிலிருந்து இறங்கிய ஓர் அக்கா வயலைப் பார்க்கவில்லை, வரப்புப் பனையின் உச்சியைப் பார்த்தார். காற்று எழுமா என்று நம் ஊர்க்காரர்கள் பார்ப்பார்களே, அப்படி.

வேன் எதற்கு என்கிறாயா? நம் நெல்லில் புகையான் பூச்சி விழுந்து, பச்சையாக நின்ற பயிர் வட்டம் வட்டமாக வைக்கோல் நிறமாகிக்கொண்டிருந்தது. அப்பா சாப்பாட்டை மறந்து, ட்ரோனில் மருந்தடிப்பவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் வரும் நாளை விட்டால் மறுபடி வரப் பத்து நாளாகும், அதற்குள் ஒரு கதிரும் மிஞ்சாது. புதன்கிழமை எட்டரைக்கு வந்தார்கள். அந்த அக்காவுக்கு வெளுத்த சுடிதார், தேய்ந்த ரப்பர் செருப்பு, என்னைவிட ஒல்லி. கூட வந்த ஜின்சனுக்குக் கறுப்புக் கண்ணாடி, பளபளக்கும் ஷூ. அப்பாவோ ஓட்டைப் பனியனும் தலைத்துண்டும் முழங்கால்வரை சேறுமாக நின்றார். ஜின்சன் அவரிடம், "ஏம்ப்பா, முதலாளி எங்க?" என்றார். அப்பாவுக்குச் சுருக்கென்றது. "ஊட்டுல தூங்கறாருங்க சார்" என்றார். அதோடு விட்டாரா, "பத்து மணிக்குக் கணவாய்க் காத்து எந்திரிச்சுருமுங்க சார், அப்புறம் மருந்து பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போகும்" என்று பாடமும் எடுத்தார். "அதெல்லாம் முதலாளிகிட்டப் பேசிக்கறோம்" என்று ஜின்சன் கண்ணாடியைத் துடைத்தார். நடுவில் அப்பா அக்காவிடம், "ஏம்புள்ள, சும்மாதான நிக்கற, சாருக்குத் தண்ணி மொண்டு குடு" என்றார். அக்காவும் மொண்டு கொடுத்தார்.

முதலாளி வரட்டும் என்று அவர்கள், சார் ஆரம்பிக்கட்டும் என்று ரோஷத்தோடு அப்பா. மணி ஒன்பதே கால், ஓலை நுனி ஆடத் தொடங்கிவிட்டது. போன் அடித்தாலே அம்மாவிடம் நீட்டிவிடுகிறவள் நான், உனக்குத் தெரியும். இருந்தாலும் அக்காவிடம் போய், "அக்கா, அந்த ஓட்டப் பனியன்தானுங்க முதலாளி. எங்கப்பா" என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அந்தக் கண்ணாடி எங்க டிரைவரு. ட்ரோன் ஓட்டறது நாந்தான். எல்லைய நீ காட்டு, ஓடு" என்றார். நான் வரப்பில் ஓட ஓட, வயலுக்கு மேல் மின்விசிறி போல ட்ரோன் வந்தது. பத்து மணிக்குக் காற்று எழுந்தபோது அது வேனுக்குள் இருந்தது. பயிர் தப்பிவிட்டது அண்ணா.

அக்காவின் பெயர் தமிழ்ப்ரியா, கொழிஞ்சாம்பாறைக்காரர். என்னைப் போல் பத்தாவதோடு நின்றவராம். பதினெட்டு முடிந்தால் இதற்குப் பயிற்சியில் சேரலாம் என்று சொல்லி நம்பர் எழுதிக் கொடுத்தார். எனக்கு மாசியில் பதினெட்டு.

அப்பா இப்போது வந்து இதைப் படித்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தவுடனே தனக்குத் தெரியும் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். "ஏனுங்க, தண்ணி மொள்ளச் சொன்னது ஆருங்க?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டதையும் எழுதிவிட்டேன். பனியனில் ஓட்டை ஒன்றுதான் என்றும் அப்பா எழுதச் சொன்னார். மூன்று.

இனி அப்பா சொல்வது: மாரியம்மன் உன் பக்கத்திலேயே நிற்பாள். கம்பளிக் காலுறையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் காலில் போடவும்.

ஆசிகளுடன் உன் அப்பா,
சென்னியப்பன்.

அண்ணா, கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா மாட்டைப் பார்க்கப் போனார். நான் அம்மாவின் போனை எடுத்து அக்கா கொடுத்த நம்பரை அழுத்தினேன்.