சங்கையா இறக்கிய மெயின்

2003 செப்டம்பர் 2, செவ்வாய்
மதியம் கரண்ட் போய் வந்தபின் அச்சகத்து சர்வர் எழ ஐம்பது நிமிடம். வட்டு முழுவதையும் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விட்டது. சங்குச்சக்கர டப்பா லேபிள் டிசைன் மூன்றைக் காணோம். செல்வலட்சுமி மறுபடி முதலிலிருந்து வரைகிறாள். முதலாளி கனகசபாபதி கேட்டார்: "தீபாவளி சீசன்ல இப்படிப் படுத்துக்கிட்டா, கம்ப்யூட்டர் படிச்ச நீ எதுக்கும்மா?" கரண்ட் போனால் தாங்கவேண்டிய யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம். அது எதற்கு என்று அவர் கேட்பதில்லை.

செப்டம்பர் 4
பிடித்துவிட்டேன். சர்வர் விழுந்த நாளெல்லாம் இடி இடித்த நாள். இடிச் சத்தம் கேட்டால் வாட்ச்மேன் சங்கையா மெயின் சுவிட்சை இறக்குகிறார். அச்சகத்தில்! ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன், பெருமையாக.
"இன்னொரு தடவை மெயின்ல கை வச்சான்னா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்."
ச்சே. என்ன செய்துவிட்டேன்?

செப்டம்பர் 5
சங்கையாவிடம் நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும் தாயி. உன் வேலைய நீ பாத்த." அவர் திட்டியிருக்கலாம்.
நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடம் இருந்தவர். அங்கே இடி கேட்டால் மெயினை இறக்கிவிட்டு எல்லாரும் வெளியேற வேண்டும். "ஒருநா லோடு நிக்குன்னு போர்மேன் இறக்க விடல. நாலு பேரு போயிட்டாக." அண்ணாந்து மெயினைப் பார்த்தார். "இங்கன வெறும் காயிதம்தான், தெரியுது. கை கேக்க மாட்டேங்கு."
அம்மாவும் நாரணாபுரத்தில்தான் பட்டாசுக்கு மருந்து அடைக்கிறாள். அங்கே எவனாவது இறக்குவதால்தான் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். நான் அதே கையைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 6
tune2fs -l அடித்து சர்வர் வட்டின் அமைப்பைப் பார்த்தேன். ஜர்னலே இல்லை. கோப்புகளை வைக்கும் முறை பழைய ext2. வட்டில் எதை மாற்றப்போகிறோம் என்று முன்கூட்டிக் குறித்துக்கொள்ளும் இடம்தான் ஜர்னல். அது இல்லாவிட்டால், பாதியில் கரண்ட் போனால் எது முடிந்தது, எது முடியவில்லை என்று வட்டுக்கே தெரியாது. ஒரு வருடமாக நான் இதைப் பார்க்கவேயில்லை. வேலை போகப்போவது மட்டும் சங்கையாவுக்கு!

செப்டம்பர் 7, ஞாயிறு
டிசைன் அத்தனையும் பதினொரு சிடியில் நகல். பிறகு ஜர்னலைச் சேர்க்க tune2fs -j /dev/hdb1. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. fstab கோப்பில் ext2 என்றிருந்ததை ஜர்னல் உள்ள ext3 ஆக்கினேன். hdparm -W0 — எழுதாததை எழுதிவிட்டதாக வட்டு பொய் சொல்வதை நிறுத்த. வேகம் குறையும். குறையட்டும்.
கரண்டை நிறுத்திப் பார்க்கவில்லை. பயம்.

செப்டம்பர் 10
நாலு மணிக்கு இடி. சங்கையா மெயினுக்குக் கீழே, இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். முதலாளி அவரையே பார்க்கிறார். "எல்லாரும் சேவ் பண்ணுங்க" என்று கத்திவிட்டு நானே இறக்கினேன்.
"ஏம்மா, கிறுக்கா பிடிச்சிருக்கு?"
இடி ஓய்ந்ததும் ஏற்றினேன். இரண்டே நிமிடம், எழுந்துவிட்டது. செல்வலட்சுமி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். "எல்லாம் இருக்குடி ரோஜா!" ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.
"அப்ப அவன் இறக்குனா ஒண்ணும் ஆகாதா?"
"ஆகாது முதலாளி."
"இத முதல்லயே செய்யறதுக்கென்ன?"
நியாயம்தான். பேட்டரி பற்றிக் கேட்டேன். சீசன் முடியட்டுமாம்.

செப்டம்பர் 16
இடி. "தாயி, இறக்கிட்டேன்!" என்று சங்கையா வாசலிலிருந்து குரல் கொடுத்தார். டீ குடிக்கப் போனோம்.
ஆறு மணிக்கு அம்மா தலை நனைந்து வந்தாள். "இடிச்சதும் இறக்கிட்டாகளா?" என்றேன்.
"இறக்கி, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாக. ஏன் கேக்க?"
சும்மா என்று சொல்லித் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.