பஃப் எடுத்துக்கலாமா?

பிப்ரவரி 27, வியாழன்

எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ் கேப் இன்றும் விடிவதற்குள் வந்து ஹாரன் அடித்தது. பிரேசர் டவுனே எழுந்திருக்கும். மகள் சோஃபியாவுக்கு ஒன்பது வயதாகிவிட்டது, இனி ஆஸ்துமா மருந்தை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஆரஞ்சு இன்ஹேலர். காலையில் ரெண்டு பஃப், ராத்திரி ரெண்டு பஃப். கிறிஸ்துமஸிலிருந்து ஒரு இருமல் இல்லை. "அது இல்லாம உன்னால இருக்க முடியாது, ஞாபகம் இருக்கட்டும்" என்று தினமும் மிரட்டிவிட்டுத்தான் கேப் ஏறுகிறேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

இல்லாமல் இருக்கவே முடியாத ஒன்றைத் தவக்காலம் முழுக்க விட்டுவிடுங்கள் என்று சர்ச்சில் கேட்டகிசம் வகுப்பில் மரியா மிஸ் சொன்னாராம். "நான் பஃப்பை விட்டுடறேம்மா" என்றாள் மகள். எனக்கு ஒரே சிரிப்பு. பேக்கரியைத் தாண்டினால் முட்டை பஃப் வாங்காமல் நகர மாட்டாள், இவளாவது விடுவதாவது! ஓஸ்வால்ட், "ரெண்டு நாள் தாங்குவியாடி?" என்று சீண்டினார்.

"ஈஸ்டர் வரைக்கும்ப்பா. ப்ராமிஸ்."

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இன்னைக்கு மட்டும் பஃப் எடுத்துக்கலாமா? தவக்காலத்துல ஞாயித்துக்கிழமை கணக்கில்லையாம்."

பேக்கரிக்கு எதிரிலேயே நின்று கேட்கிறாள், கள்ளி. "வாக்குன்னா வாக்குதான். ஆண்டவர்கிட்டயே பேரம் பேசறியா?" என்றேன். தலையாட்டினாள். வீட்டுப் படியில் நின்று நின்று ஏறினாள். எல்லாம் முரண்டு.

ஏப்ரல் 6

இருமல் விடவில்லை. பெங்களூரில் மரமெல்லாம் பூத்துத் தொலைக்கிறது, அந்தத் தூள்தான். சிரப் கொடுத்தேன். அவசரத்துக்கு வைத்திருக்கும் நீல இன்ஹேலரை நீட்டினேன், வேண்டாம் என்றாள். நல்லதுதான், எதற்கெடுத்தாலும் அதைத் தேடக் கூடாது.

ஏப்ரல் 14

நேற்று குருத்து ஞாயிறு. பவனியில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். விலா எலும்புக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழுந்தது. உதடு நீலம். இன்ஹேலரை வாயில் வைத்தால் பல்லைக் கடிச்சுக்கிட்டா. ஏன்டி, ஏன்டின்னு கத்தினேன். அறைஞ்சும் பார்த்தேன் — மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையை.

ஐசியூவில் தொண்டையில் குழாய். டாக்டர் கன்னடத்தில் அதட்டினார்: தினசரி மருந்தை யார் நிறுத்தச் சொன்னது? யாரும் நிறுத்தலையே டாக்டர்!

ஏப்ரல் 15

ஆண்டவரே. என் பிள்ளை.

ஏப்ரல் 17, வியாழன்

குழாயை எடுத்துவிட்டார்கள். குரல் இல்லை, வெறும் காற்றுதான் வருகிறது.

"நான் ப்ராமிஸை உடைக்கலைதானேம்மா? ஒரு பஃப்கூட எடுக்கலை."

எந்த பஃப் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்குள் தெரிந்துவிட்டது.

எடுத்துக்கலாமான்னுதான் கேட்டா. சாப்பிடலாமான்னு கேட்கலையே! முட்டை பஃப்பை யாராவது எடுத்துக்குவாங்களா? தமிழ்லதானே கேட்டா, என் காது எங்கே போச்சு? பாவி, கேட்ட பிள்ளைக்கு மூச்சு தரமாட்டேன்னு சொல்லியிருக்கேன்.

ஓஸ்வால்டிடம் சொன்னேன். எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

வார்டுக்கு மாற்றினார்கள். இனி இன்ஹேலரை ஒருவேளைகூட விடக் கூடாது, இன்னொரு முறை இப்படி வந்தால் எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆரஞ்சை நீட்டினேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஈஸ்டர் வரைக்கும்னு சொல்லியிருக்கேன். வாக்குன்னா வாக்குன்னு நீதானே சொன்னே."

மரியா மிஸ்ஸே ஓடி வந்தார். "மருந்தை விடச் சொல்லலை கண்ணு, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்" என்று அழுதார். நடக்கவில்லை. அவர் போன பிறகு மூச்சு மறுபடி இழுக்க ஆரம்பித்தது.

ஐசியூவில் கிடந்தவளுக்குக் கிழமை எங்கே தெரியும்?

"ஈஸ்டர் முடிஞ்சிருச்சுடி. குழாய் இருந்தப்பவே. நீ தூங்கிட்டிருந்தே."

ஈஸ்டருக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்க, பெரிய வெள்ளியன்று வாய் கூசாமல் சொன்னேன்.

என்னையே பார்த்தாள். வாயைத் திறந்தாள். ரெண்டு பஃப், ஒழுங்காக, மூச்சைப் பிடித்து.

பிறகு கேட்டாள்: "என்னை இங்க விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் மட்டும் பூசைக்குப் போனீங்களா?"

"ஆமா" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராத்திரி மருந்துக்கு வாய் திறந்தாள். மறுபடி சுவர்ப் பக்கம்.