திருநாள் கறி வெந்துகொண்டிருந்தபோது

அன்பு மகள் உர்சுலாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ரூபர்ட்டும் உயிரோடு இருக்கிறோம், நார்வே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உயிரோடு என்று எழுதியதைப் பார்த்துப் பதறாதே, அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

சுரங்கக்காரர்களைக் காக்கும் புனித பார்பராவின் திருநாளுக்கு முந்தின நாள் ரூபர்ட்டும் பக்கத்து வீட்டு எர்னாவின் புருஷன் பவேலும் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இருந்தார்கள். எர்னா வழக்கம்போல என்னோடு சமைக்க வந்தாள். மாட்டுக்கறியை மெலிதாகத் தட்டி, கடுகு விழுது தடவி, பன்றிக் கொழுப்பும் ஊறிய வெள்ளரிக்காயும் வெங்காயமும் வைத்து நான் சுருட்ட, அவள் நூல் கட்டினாள். நான் சுருட்டிய தடிமனைப் பார்த்து, "என்னக்கா, மகனுக்குத் தலகாணி தைக்கிறியா?" என்று சிரித்தாள். கறியும் சிவப்பு முட்டைக்கோசும் அடுப்பில் வெந்துகொண்டிருக்க, உருளைக்கிழங்கு உருண்டைகளில் கட்டைவிரலால் குழி போட்டுக்கொண்டிருந்தேன், அப்போதுதான் வீடு குலுங்கியது. கீழே சுரங்கம் தோண்டும் நம் ஊரில் தட்டு குலுங்குவது புதிதா என்ன, ஆனால் இந்த முறை அலமாரிக் கதவே திறந்துகொண்டது, பிறகு சுரங்கத்தின் அபாயச் சங்கு ஊதியது. அடுப்பைக் குறைக்கக்கூடத் தோன்றாமல் சுரங்க வாசலுக்கு ஓடினோம்.

இருட்டும் நேரத்தில் ரூபர்ட் மேலே வந்தான், முகமெல்லாம் கரி. எர்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு உன் பின்னாலதானே வந்துட்டிருக்காரு தம்பி?" என்று கேட்டாள். இவன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். பவேல்மேல் பாறை விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன், உர்சுலா, அவள் முகத்தைப் பார்த்ததும் தலை தானாக ஆடிவிட்டது என்கிறான். அவள் நம்பினாள். வீட்டுக்கு வந்தால் முட்டைக்கோஸ் அடிப்பிடித்திருந்தது, கறி நூல் கழன்று பிரிந்து கிடந்தது. அதிலும் நல்லதாக இரண்டு சுருள் பொறுக்கி, பவேல் தட்டில் வைத்து உருண்டைக் குழியில் குழம்பு ஊற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஆறினால் சூடாக்குவாள், மறுபடி ஆறும். மறுநாள் சாமியார் சாவுச் செய்தியோடு வாசலில் வந்து நிற்கும்வரை சூடாக்கிக்கொண்டே இருந்தாள்.

அடக்கம் முடிந்தது. இப்போது ரூபர்ட் தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் அடுப்புக்குக் கரி அள்ளிப்போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். நேற்று எர்னா என்னிடம், "அக்கா, அவன வர வேணாம்னு சொல்லு, அவன் தலையப் பாத்தாலே எனக்கு அன்னைக்கு அது ஆடினதுதான் தெரியுது" என்று அழுதாள். இதை நான் எந்த வாயால் அவனிடம் சொல்வேன்? அவன் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அடுத்த வாரம் மறுபடி சுரங்கத்தில் இறங்குகிறானாம். வேண்டாமடா என்றேன், "வேற என்ன தெரியும் எனக்கு?" என்கிறான்.

நீ அவனை அங்கே கூப்பிட்டுக்கொள். மாப்பிள்ளையின் மீன் தொழிற்சாலையில் ஏதாவது வேலை இருக்காதா? ஆனால் நான் எழுதியதாக மூச்சு விடாதே. உனக்கே தோன்றியதுபோல எழுது, அம்மா விடமாட்டாள் என்றும் சேர்த்துக்கொள், நான் கூடாது என்றால்தான் அவன் கிளம்புவான் என்பது உனக்குத் தெரியாததா. காதைக் குல்லாயால் மூடிக்கொள், பால் குடி. உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்ததும் நான் அவனைப் போகவிடாமல் அழுவதுபோல் நடிக்க வேண்டும், அதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்காது.

உன் அம்மா,
ஹில்டா