இடையில் ஒரு பகல்

குவைத்
12.02.1982

என் அன்பு ஸகியாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீயும் வாப்பாவும் தங்கச்சி நதீராவும் சுகமாய் இருக்க வேண்டுகிறேன். போன மாதம் போட்ட கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. கல்முனை முழுவதற்கும் போன் இணைத்துக் கொடுக்கிறவளுக்கு எனக்கு ஒரு வரி எழுத நேரமில்லையாக்கும்.

இங்கே காலையிலிருந்து மண்காற்று. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் தேயிலைச் சாயம் போலக் கிடக்கிறது. கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்லப் போகின்றன, கடலுக்கு அடியில் போவது போல. ஆஸ்பத்திரி வார்டில், பிறந்த குழந்தைகள் நடுவே நிற்கையில், இது பகலா, நான் விழித்துத்தான் இருக்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் நேர்ஸாக இருக்கிற இந்த ஆஸ்பத்திரியில் போன் இணைக்க ஒரு பெண்ணைத் தேடுகிறார்கள். இங்கிலீஷ் போதும். அரபு எழுத்து, நீ ஓதிப் படித்ததுதானே. உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அங்கே ஒரு வருடம் வாங்குகிற சம்பளத்தை இங்கே இரண்டு மாதத்தில் வாங்குவாய். சூறாவளி கொண்டுபோன கூரை என்ன, நதீராவுக்கு ஒரு கல்வீடே கட்டலாம். யோசிக்காமல் வா.

உன் செலீனா


கல்முனைக்குடி
03.03.1982

அன்புள்ள செலீனாவுக்கு ஸகியா எழுதுவது,

அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் நலம். கோபிக்காதே கா. கையில் பேனை எடுத்தால் நித்திரை வருகிறது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை நதீரா இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கலியாணத்துக்கென்று கட்டத் தொடங்கி அத்திவாரத்தோடு நிற்கிற அவளுடைய வீட்டடிக்குப் போய் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

போஸ்ட்மாஸ்டர் பத்திநாதர் ஐயாவிடம் லீவு கிடைக்குமா என்று கேட்டேன். விலகி விட்டுத்தான் போகலாமாம். "நீ இருக்கிற இந்தக் கதிரை நீ ஓய்வு பெறும் மட்டும் அசையாது பிள்ளை. பிறகு பென்ஷன். அங்க போய்த் திரும்பி வந்தா, கதிரை வேற ஆற்றயோ" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் கதிரை பிடிக்கும். இப்போது அறுவடைக் காலம். நெல் விலை கேட்டுக் கொழும்புக்கு எடுக்கிறவர்கள், இறக்காமத்தில் யானை வயலுக்குள் இறங்கிவிட்டது என்று அரசாங்கக் கச்சேரிக்கு எடுக்கிறவர்கள், பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவர்கள். பின்னேரமானால் எல்லாக் குரலும் கலந்து காதுக்குள் ஒரே இரைச்சல், தூரத்து அலை மாதிரி. சில வேளை நான் ஒருத்தி அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோகும். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

கொஞ்சம் பொறு. யோசிக்கிறேன்.

அன்புடன்,
ஸகியா


குவைத்
28.03.1982

ஸகி,

என்ன யோசனை? மேட்ரன் பெருநாள் வரைதான் பொறுத்திருப்பாவாம். என் அறையில் இரண்டாவது கட்டில் காலியாகிவிட்டது. அதில் இருந்த மலையாளப் பிள்ளை ஊருக்குப் போய்விட்டாள். வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, நீலப் பூப்போட்ட விரிப்பு வாங்கி விரித்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். நீ படுத்திருப்பது போலவே இருக்கும். ஒருநாள் அதோடு கதைத்தும் விட்டேன். சிரிக்காதே.

இங்கே எல்லாம் நல்லது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

செலீனா


கல்முனைக்குடி
27.04.1982

செலீனா,

இதை எழுதுவதா வேண்டாமா என்று நேற்று முழுக்க நினைத்தேன்.

ஞாயிறுகளில் எனக்கு வேலை இல்லை என்று உனக்குத் தெரியும். இந்த ஞாயிறு, அன்றைக்கு வேலை பார்க்கிற பெனடிக் அண்ணன் வீட்டில் கலியாணம். அவருக்குப் பதிலாக நான்தான் லைன் இணைக்கிற போர்ட்டில் இருந்தேன். உன் அம்மா வெள்ளைச் சேலை கட்டி வந்து போன் பெட்டிக்குள் காத்துக்கொண்டு நின்றா. குவைத் லைன் வந்ததும் இணைத்தேன். நீ "நல்லா இருக்கன் அம்மா, சாப்பாடு நல்லம்" என்றாய். அவ அழுதா. பிறகு ரிசீவரைக் கொளுவத் தெரியாமல் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டா.

நான் லைனை எடுக்கப் போனேன். அப்போது நீ இங்கிலீஷில், "ஒப்பரேட்டர், தயவுசெய்து இப்ப வெட்டாதீங்க" என்றாய்.

நான் வெட்டவில்லை. வெளியே பொத்துவில் பஸ்காரன் ஆள் கூப்பிட்டான். காகம் கத்தியது. பள்ளியில் லுஹர் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். நீ முழுவதையும் கேட்டுக்கொண்டு இருந்தாய். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. உன் பெயர் வாய் வரை வந்தது. ஆனால் நான் இல்லாத நாள் பார்த்துத்தானே போன் எடுத்தாய் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

குவைத்தில் பாங்கு கேட்காதா கா?

என்னை எதற்குக் கூப்பிடுகிறாய் என்று எனக்கு ஒளிக்காமல் எழுது.

ஸகியா


குவைத்
20.05.1982

என் ஸகி,

கேட்கும். ஐந்து வேளையும் கேட்கும். ஆனால் அது நம்மட ஊர்ப் பள்ளி மோதினாரின் குரல் இல்லையே.

என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை, அதை அம்மாவிடம் சொல்லு. மேட்ரன் நல்லவ. சம்பளம் ஒழுங்காக வருகிறது. ஆனால் என் பெயரைச் சரியாக உச்சரிக்க இங்கே ஒருவரும் இல்லை. சில நாள் ஒரு தமிழ்ச் சொல்கூட வாயால் வராமல் படுக்கப் போவேன். நித்திரையும் வராது. அந்தக் கட்டிலுக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டேன், வேறொன்றுமில்லை.

வராதே. உன் கதிரையை விடாதே. நான் இனி ஒப்பந்தம் எழுதப்போவதில்லை. ஆகஸ்ட் பத்தொன்பதாம் திகதி, வியாழன் காலை, கட்டுநாயக்கா ஏர்போட்டில் இறங்குகிறேன்.

செலீனா


கல்முனைக்குடி
10.07.1982

என் உயிர்த் தோழி செலீனாவுக்கு,

நோன்போடு எழுதுகிறேன், எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்தபோது நான் விலகல் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அதை வாசித்த பிறகுதான் கொடுத்தேன்.

திட்டாதே. அன்று பின்னேரம் வாப்பா என்னைக் கூப்பிட்டு இருத்தினார். "நதீராட வீட்டச் சொல்லிப் போகாத மகள். வீடு எப்பிடியும் வரும். செலீனாவச் சொல்லியும் போகாத, அவ வந்திருவா. ஒனக்குப் போக ஆசையா, அத மட்டும் சொல்லு" என்றார்.

"ஓம் வாப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். எத்தனை வருடமாக மற்றவர்களின் குரலைத் தூரம் தூரமாக அனுப்புகிறேன். நான் போன தூரம் மட்டக்களப்பு மட்டும். நீ எழுதிய அந்த மண்காற்றுக்குள் நானும் ஒருதரம் நின்று பார்க்க வேண்டும். அங்கே எனக்கும் அழுகை வரும், தெரியும். வந்தால் அழுகிறேன். பத்திநாதர் ஐயா கடிதத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி பிள்ளை" என்றார்.

மேட்ரன் எனக்கு டிக்கட் அனுப்பியிருக்கிறா. திகதியைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். அதே வியாழன், இரவு விமானம்.

சரீப் மாமா வான் கொண்டு வருகிறார். உன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வந்து காலையில் வாசலில் நிற்போம். அம்மாவுக்கு நீர்கொழும்பில் மாதா கோயிலுக்குப் போக வேண்டுமாம். மாமா கூட்டிப் போவார். நாம் இருவரும் அங்கே கடற்கரையில், மரநிழலாகப் பார்த்துப் பாய் விரித்து இருப்போம். கதைக்க எவ்வளவோ கிடக்கிறது.

ஆனால் நீ முதலில் நித்திரை கொள். எனக்கு நேரமாகும் வரை நான் பக்கத்தில் இருப்பேன்.

உன் ஸகியா