முட்டைக்குள்ள சோறு

கண்ணு, இங்க நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், நீயும் அங்க நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டே இதை எழுதறேன். போன் இருக்கறப்ப எதுக்கு இந்த லெட்டர்னு கேப்பே, போன்ல பேசினா என் குரலை வெச்சே நீ கண்டுபிடிச்சிருவே, அப்புறம் அங்க உனக்கு வேலை ஓடாது. பயப்படாதே, உயிருக்கு ஒண்ணும் இல்ல. மூணு மாசம் முன்னாடி எனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அது போறப்ப என் மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. வாசனை தெரியல, ருசி தெரியல. காப்பியும் சுடுதண்ணியும் ஒண்ணுதான். டாக்டரம்மா, நரம்பு விஷயம், ஆறு மாசத்துல திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னு சொன்னாங்க. அப்பாகிட்ட சத்து மாத்திரை குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லிட்டேன்.

கேன்டீன்லயும் சொல்லல. மாத்திரைக் கம்பெனியில இருநூறு பேருக்கு இருபத்திரண்டு வருஷமா ஆக்கிப்போடற கை, பருப்புக்கு எத்தனை கரண்டி உப்பு, காய்க்கு எத்தனை பிடின்னு அதுக்கே தெரியும், அது பாட்டுக்கு அள்ளிப் போட்டுச்சு, ஒருத்தரும் ஒரு குறை சொல்லல. சமைக்கிறவளுக்கு நாக்கு இல்லன்னு தெரிஞ்சா அடுப்புப் பக்கமே விடமாட்டாங்க, அதான் வாயைத் திறக்கல. அந்த நேரம் பாத்து புது மேனேஜரம்மா வந்தாங்க, ஏதாவது புதுசா போடுங்கம்மான்னு ஒரே நச்சரிப்பு. உன் ரூமுக்குக் கீழ இருக்கற ஜப்பான் ஹோட்டல்ல சாப்பிட்டதைப் படம் வரைஞ்சு, செய்யற விதமும் எழுதி அனுப்பியிருந்தியே, சோத்தைத் தக்காளி சாஸ்ல சிவக்க வறுத்து முட்டைக்குள்ள பொதிஞ்சு வெக்கறது, அதை வாய் சும்மா இருக்காம சொல்லித் தொலைச்சேன். அந்தம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போய் திங்கக்கிழமையே போட்டுரலாம்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சுது. பழைய சமையல்னா கைக்குத் தெரியும், இது கைக்கும் தெரியாத சமையல்.

ஞாயித்துக்கிழமை வீட்ல செஞ்சு பாத்தேன். இருக்கறது ரெண்டு பேர், நான் பாட்டுக்கு ஒரு டஜன் முட்டையை உடைச்சு ஊத்திட்டு நிக்கறேன், புத்தி அப்படிப் போகுது. ஆறின சோறு, பொடியா நறுக்கின வெங்காயம், கேரட், கோழி, எல்லாம் நீ எழுதின மாதிரியேதான். சாஸ்லயே உப்பு இருக்குன்னு யோசிக்காம மேல வேற ஒரு கை போட்டிருக்கேன். முட்டையை மெல்லிசா விரிச்சு, மேல லேசா ஈரம் இருக்கறப்பவே நடுவுல சோத்தை வெச்சு ரெண்டு பக்கமும் மடிச்சு தட்டுல கவுக்கணும், மொதல்ல ஒண்ணு கிழிஞ்சுது, அடுத்தது பஞ்சு பிதுங்கின தலகாணி மாதிரி ஆச்சு, மூணாவது ஜம்முனு வந்துச்சு. அதை அப்பா முன்னாடி வெச்சேன். உனக்குத்தான் தெரியுமே, கடிகாரத்துல நொட்டை கண்டுபிடிச்சே பொழப்பு நடத்தற மனுஷன், முப்பது வருஷமா என் சமையல்லயும் அதே வேலைதான். அன்னிக்குத் தலை நிமிராம முழுசும் சாப்பிட்டார், மூணு டம்ளர் தண்ணி குடிச்சார், நல்லா இருக்குன்னார். அந்த வாயில நல்லா இருக்குன்னு நான் கேட்டதே இல்ல. யோசிச்சுப் பாத்தா மூணு மாசமாவே அவர் ஒரு நொட்டையும் சொல்லல. உங்களுக்குத் தெரியுமான்னு நேராவே கேட்டேன். ஒரு நாள் காப்பியில சக்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டு நீயும் ஒரு டம்ளர் குடிச்சே, மூஞ்சி கூட சுளிக்கல, அன்னிக்கே தெரியும், உனக்கா சொல்லத் தோணட்டும்னு இருந்துட்டேன்னார். அப்ப இந்த மூணு மாசச் சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னேன். கொஞ்சம் கஷ்டம்தான்னார். இருநூறு பேருக்குத் தப்பாத கை ரெண்டு பேருக்குத் தப்பியிருக்கு. எனக்கு அழுகை வரணும், வரல. போய்ப் பாத்திரம் கழுவினேன். அப்புறம் அவரே அடுப்புக்கிட்ட வந்து நின்னு கரண்டி கரண்டியா ருசி பாத்து, இது வாயில வெக்க முடியல, இது தேவலை, இது சரின்னு சொல்லச் சொல்ல, சாயங்காலத்துக்குள்ள அளவு பிடிபட்டுப் போச்சு. அதைப் பெருக்கி இருநூறு பேருக்குப் போட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

அப்படித்தான் திங்கக்கிழமை போனேன். கோழி வந்துச்சு. எப்பவும் போல அள்ளி மூக்குக்கிட்ட வெச்சேன், ஒண்ணுமில்ல. கெட்டுப்போயிருந்தாலும் இப்படித்தானே இருந்திருக்கும்னு தோணுச்சு. மூணு மாசமா இப்படி வாசனை தெரியாமத்தான் இருநூறு பேருக்கு ஆக்கிப் போட்டிருக்கேன், யாருக்கும் ஒண்ணும் ஆகாதது என் சாமர்த்தியம் இல்ல. வீட்டுக்காரர் எனக்காகத் தின்னார், ஊரான் பிள்ளைங்க எதுக்குத் தின்னணும். கோழி இருந்த பேசினைக் கீழ வெச்சுட்டு மேனேஜரம்மா ரூமுக்குப் போய்ச் சொல்லிட்டேன். எத்தனை நாளான்னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன். இன்னிக்குச் சோத்தை உதவிக்கு இருக்கற அம்மா பாத்துக்கட்டும், நீங்க முட்டையை மட்டும் மடிங்க, வேலை விஷயம் மேல கேட்டுட்டு மாசக் கடைசியில சொல்றேன்னாங்க. மடிச்சேன். இருநூறுல ஏழுதான் கிழிஞ்சுது. தட்டெல்லாம் காலியா வந்துச்சு, ரெண்டு பேர் எட்டிப் பாத்து சூப்பர்மான்னு சொல்லிட்டுப் போனாங்க. சந்தோஷப்படணும்ல, உள்ள ஒண்ணும் அசையல. கையைக் கழுவிட்டு பஸ் ஏறி வந்துட்டேன். வேலை போனாலும் பாத்துக்கலாம், அப்பா கடை ஓடுது, நீ அதுக்காக அங்க கூடுதலா ஷிப்ட் கிப்ட் பாக்காதே.

நீ நூறு வயசு நல்லா இரு, நினைச்சது எல்லாம் உனக்குக் கைகூடட்டும். அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டர்கிட்ட காட்டிட்டியா இல்லியா, தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்காதே. இன்னொண்ணு, உன் லெட்டர் முடிவுல, நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்து எப்படி இருந்துச்சுன்னு எழுதும்மான்னு கேட்டிருந்தே. தெரியல கண்ணு. எனக்கு அது சூடா இருந்துச்சு, அவ்வளவுதான்.

எப்பவும் உன் நினைப்பாவே இருக்கற
அம்மா