பவுனுக்கு இரண்டு பென்னி

ராம்சி, மேன் தீவு
ஜனவரி 11, 1976

அன்புள்ள ஈனிட்,

நீ கப்பலேறி ஐந்து நாள் ஆகிறது. வீடு ஹோவென்று கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ கொண்டுவந்த மார்மலேடில் மிச்சமிருந்ததை இன்று காலை விரலால் வழித்துத் தின்று முடித்தேன். வானம் தெளிவாக இருந்தது. மேட்டில் ஏறி நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் நம் ஊர்க் குன்று நீலமாகத் தெரிகிறது. நம் வீட்டுப் புகைபோக்கி இங்கிருந்து தெரியாது என்று தெரிந்தும் தேடுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று எனக்கே சிரிப்பு வருகிறது.

கில்லியன் கல்யாணத் தேதி எழுதியிருந்தாள். மார்ச் 27. மகளைக் கைப்பிடித்து அழைத்துப்போக இப்போதே மனசு பறக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். கணக்கர் குவேலிடம் போய், ஒரே ஒரு நாள் ஊருக்கு, வைட்ஹேவனுக்குப் போய்வருகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அங்க உங்களுக்குன்னு ஒரு கட்டில் இருக்கா?" என்றார்.

"என் பெண்டாட்டி இருக்கற வீட்டுல எனக்குக் கட்டில் இல்லாம இருக்குமா?"

"அப்ப போச்சு. ஒரு காலை எடுத்து வெச்சாலே அந்த வருஷம் முழுக்க நீங்க அந்த நாட்டுக்காரர்தான். ராத்திரி ஹோட்டல்ல படுத்தாலும் சரி, வீட்டுல கட்டில் காத்துக்கிட்டு இருந்தா போதும். வட்டி வருமானத்துல உச்சியில வர்ற ஒவ்வொரு பவுனுக்கும் தொண்ணூத்தெட்டு பென்னி அவங்களுக்கு வரி. ரெண்டு பென்னி உங்களுக்கு."

பூட்ஸ் தொழிற்சாலையை விற்ற கையோடு நான் வரி குறைந்த இந்தத் தீவுக்கு ஓடிவந்ததே அந்த இரண்டு பென்னிக்குப் பயந்துதானே. பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டேன் என்று நீயும் அங்கேயே நின்றுவிட்டாய். ஏதாவது வழி இருக்கும், குவேல் யோசிக்கிறார். நீ தொண்டைக்கு மருந்து சாப்பிடுகிறாயா?

உன்,
ஆர்னால்டு


வைட்ஹேவன்
ஜனவரி 18, 1976

அன்புள்ள ஆர்னால்டு,

தொண்டை சரியாகிவிட்டது. மகள் கல்யாணத்துக்குப் போகலாமா என்று கணக்கரிடம் கேட்ட முதல் அப்பா நீயாகத்தான் இருப்பாய்.

உன் கடிதத்தைக் கில்லியனிடம் காட்டினேன். "அப்பா வருவாரா, இல்ல குவேல் வந்து என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாராம்மா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பிறகு பாத்திரம் கழுவுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு நேரம் எடுத்துக் கழுவ அங்கே இரண்டு கோப்பைதான் இருந்தன.

என் பள்ளிக்கூடச் சேதி கேள். சின்ன வகுப்பில் கூரை ஒழுகுகிறது. குட்டிகள் வாளியைச் சுற்றி உட்கார்ந்து சொட்டுகளை எண்ணிக் கணக்குப் பழகுகிறார்கள். பணம் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நகராட்சியில் கையை விரித்துவிட்டார்கள். எப்படி இருக்கும், இருக்கிறவர்கள் எல்லாம் தீவில் போய் உட்கார்ந்துகொண்டால்?

அந்தத் தொண்ணூற்றெட்டை நீ சொல்லும் விதமே எனக்குப் பிடிப்பதில்லை. அது உச்சியில் இருக்கும் பணத்துக்கு மட்டும். கீழே இருக்கும் பணத்துக்கு நீயும் தபால்காரரும் ஒரே விகிதம்தான். மிச்சமிருப்பதில் நாம் பட்டினி கிடந்திருக்க மாட்டோம். உன் அப்பா கடைசி மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தாரே, யாராவது உன்னிடம் பில்லை நீட்டினார்களா?

கட்டிலில் உன் பக்கம் நான் இன்னும் படுப்பதில்லை. அதையும் குவேலிடம் சொல்லிவை.

உன்,
ஈனிட்


ராம்சி
பிப்ரவரி 1, 1976

அன்புள்ள ஈனிட்,

நீ கோபமாக எழுதினால் கையெழுத்து இன்னும் அழகாக வருகிறது. இரண்டு முறை படித்தேன்.

அப்பாவை இழுத்துவிட்டாய், சரி. அவர் சுரங்கத்தில் இருமி இருமிக் கட்டிய வரியில் வந்ததுதான் அந்தக் குழாய். நானும் இருபத்தாறு வருஷம் கட்டினேன். நூற்றுக்கு நாற்பது கேட்டார்கள், கட்டினேன். அறுபது கேட்டார்கள், வாய் திறக்காமல் கட்டினேன். ஒரு தகரக் கொட்டகையில் ரப்பரைக் காய்ச்சி ஆரம்பித்தவன் நான். கையில் இருக்கும் சூட்டுத் தழும்புக்கு நீதான் வெண்ணெய் தடவினாய். முந்நூறு பேருக்கு அதில் சம்பளம் கொடுத்தேன். பாதிக்கு மேல் கொண்டுபோனால்கூடப் பொறுக்கலாம். தொண்ணூற்றெட்டு என்றால் அது வரி இல்லை, ஈனிட். 'நீ ஏன் ஜெயித்தாய்?' என்று கேட்டு அடிக்கிற அடி.

பள்ளிக்கூடக் கூரைக்கு எவ்வளவு ஆகும்? சொல், நாளைக்கே காசோலை அனுப்புகிறேன்.

குவேல் வழி கண்டுபிடித்துவிட்டார். வீடு உன் பெயருக்கு மாறிவிட வேண்டும். நாம் பிரிந்து வாழ்கிறோம் என்றும், அந்த வீட்டில் தங்க எனக்கு உரிமை இல்லை என்றும் ஒரு பத்திரம் எழுத வேண்டும். உன் வக்கீலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பயப்படாதே, வெறும் காகிதம். கோடை விடுமுறைக்கு நீ வழக்கம்போல இங்கே வரப்போகிறாய், ஒன்றும் மாறாது. ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிடு. நான் கல்யாணத்துக்கு வந்துவிடுவேன்.

உன்,
ஆர்னால்டு


வைட்ஹேவன்
பிப்ரவரி 20, 1976

ஆர்னால்டு,

காசோலை வேண்டாம். உன் பணத்தில் கூரை போட்டால் அறுபது குழந்தைகள் வரிசையில் நின்று உனக்கு நன்றிப் பாட்டுப் பாட வேண்டும். வரிப் பணத்தில் வந்தால் யாருக்கும் பாட வேண்டியதில்லை. எங்கள் கூரை என்று கீழே உட்காருவார்கள், ஒழுகினால் உரிமையோடு திட்டுவார்கள்.

பத்திரம் வந்தது. வக்கீல் எனக்கு வாசித்துக் காட்டினார். 'இருவரும் இனி மணமாகாதவர்களைப் போலத் தனித்தனியே வாழ்வார்கள்' என்று ஒரு வரி. அந்த இடத்தில் நிறுத்தி, "உங்களுக்குச் சம்மதந்தானே, மிஸஸ் ஃபியரன்?" என்றார். "என் வீட்டுக்காரருக்குச் சம்மதம்" என்றேன். கையெழுத்துப் போட்டேன். அவர் பேனாவில் மை கசிந்தது, கையில் இன்னும் கறை போகவில்லை.

செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று பெரிய கட்டிலைக் கில்லியனின் புது வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஒற்றைக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். இனி குவேலே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. தாராளமாக வா.

ஈனிட்


ராம்சி
மார்ச் 31, 1976

அன்புள்ள ஈனிட்,

குறை சொல்ல ஒன்றுமில்லாமல் எல்லாம் நடந்தது. கில்லியன் என் கையைப் பிடித்த பிடியில் இன்னும் வலிக்கிறது. சர்ச் வாசல்படியில், "நல்ல வேளை, நீங்களே வந்தீங்கப்பா" என்றாள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நீ என்னோடு ஒரு பாட்டுக்கு ஆடினாய். அந்த நீலக் கவுன் எனக்குத் தெரியாதது, எப்போது வாங்கினாய்? விருந்து முடிந்ததும் வீட்டுக்கு வந்து ஒரு டீ குடிக்கட்டுமா என்று கேட்டேன். "வீட்டுல இடமில்ல ஆர்னால்டு" என்றாய். நீ சிரிப்பாய் என்று காத்திருந்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

துறைமுக ஹோட்டலில் பெயர் எழுதுகிற பையன், "ஊருக்குப் புதுசா சார்? காலையில எழுந்து கோட்டையைப் பாருங்க, நல்லா இருக்கும்" என்றான். நான் பிறந்த தெருவுக்கு முந்நூறு கஜ தூரத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றிப்பார்க்கும் துண்டுப் பிரசுரம் வாங்கிக்கொண்டேன்.

இங்கே கிளப்பில் சாயங்காலமானால் ஒரே பேச்சுதான், யார் எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்று. நேற்று ஒருவர் சொன்னார்: "எங்க அண்ணன் சாவுக்கு நான் போகலையே! அந்த ஒரு நாளுக்கு நாலாயிரம் பவுன் ஆகியிருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், ஈனிட். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் உறைத்தது.

பத்திரத்தைக் கிழித்துப்போடு. நான் வந்துவிடுகிறேன். கேட்கிறதைக் கட்டிவிடுகிறேன். ஆனால் அது நியாயம் என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதே. சாகும்வரை சொல்லமாட்டேன். நீ இல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் வருகிறேன், அவ்வளவுதான். உடனே எழுது.

உன்,
ஆர்னால்டு


வைட்ஹேவன்
ஏப்ரல் 25, 1976

அன்புள்ள ஆர்னால்டு,

மூன்று வாரமாக உன்னைக் காக்கவைத்துவிட்டேன். மூன்று பதில் எழுதி மூன்றையும் கிழித்தேன். எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான்: எனக்காக வராதே, கொடுப்பது நியாயம் என்று நம்பினால் வா. இல்லாவிட்டால் நான் ஊற்றும் ஒவ்வொரு கோப்பை டீக்கும் எத்தனை பவுன் ஆயிற்று என்று மனசுக்குள் கணக்குப் போடுவாய், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் எதிரில் உட்கார முடியாது என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. தபாலில் சேர்க்கத்தான் கை வரவில்லை.

நீ போனதிலிருந்து நான் சொன்னதுதான் சரி என்கிற நினைப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல துணைதான், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். அதற்குமேல் அது ஒரு வார்த்தை பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை மிஸஸ் டிக்ஸன் பேரனை அழைத்துப்போகப் பள்ளிக்கு வந்தாள். வரி அலுவலகத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறாள். ஏதோ பேச்சில், "மனசார வரி கட்டறவங்க எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேட்டுவைத்தேன்.

அவள் பேரன் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "யாருக்குத் தெரியும் டீச்சர்? ஃபாரத்துல அதைக் கேக்கறதுக்குக் கட்டமே கிடையாதே. திட்டிக்கிட்டே அனுப்பினாலும் காசு காசுதான். ஆஸ்பத்திரியில எந்த நோயாளியும் அதைத் திருப்பிப் பார்க்கறதில்ல" என்றாள்.

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். ராணியின் அரசாங்கமே உன்னிடம் கேட்காத ஒன்றை நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களைவிடப் பெரிய வசூல்காரியாக இருந்திருக்கிறேன். நீ நியாயம் என்று சொல்லவே வேண்டாம். நான் சொல்லிக்கொண்டே இருப்பேன், நீ மறுத்துக்கொண்டே இரு. சாப்பாட்டு மேசையில் நம் சண்டை சாகும்வரை ஓடட்டும்.

பத்திரத்தை நேற்று அடுப்பில் போட்டேன். கிழித்தால் போதாது என்று வக்கீல் சொல்கிறார், இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். லிவர்பூல் கப்பல் செவ்வாயும் வெள்ளியும் இருக்கிறது. செவ்வாயே ஏறு. வாயால் திட்டிக்கொண்டே வா, கையால் கட்டு. எனக்கு அது போதும்.

உன்,
ஈனிட்