முள் எங்கே நிற்கிறது என்று நான் கேட்கவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே, கொண்டு வந்தவர் உன் சமையலறைக்குள் புகுந்து காபி மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கியிருப்பார். அவர் மேல் கோபப்படாதே. என்னோடு வேலை செய்யும் வெல்டர், தங்கமான மனுஷன். முதலில் ப்ளக், அப்புறம்தான் வணக்கம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

நீ என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். மாமா போனை எடுப்பதில்லை. உன் மகள், அந்த வாலுகூட கட் பண்ணுகிறாள். கல்யாணப் பெண்ணுக்கு அவ்வளவு ரோஷம்! காலையிலிருந்து இருபது தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். மற்றவர் போனிலிருந்து அடித்தாலும் வெளிநாட்டு நம்பர் என்று யாரும் எடுப்பதில்லை. இவருக்கு இன்று சாயங்காலம் விமானம் என்று தெரிந்ததும், சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசர எழுத்து, கோழி கிறுக்கின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். போன வாரம் நீ கூப்பிட்டு, மெஷின் தலையில் இருக்கிற சின்னப் பித்தளைக் குமிழிலிருந்து உஸ்ஸென்று ஆவி வருகிறது, காபியும் கருகின மாதிரி கசக்கிறது என்றாய். வாஷர் தேய்ந்திருக்கும், மாமாவிடம் சொல்லி ஒரு மூடி போட்டு இறுக்கிவிடு என்றேன். காபித்தூளை மாற்றிப் பார் என்று பெரிய மேதாவி மாதிரி வேறு சொன்னேன்.

அது ஒழுகல் இல்லை அக்கா. அதுதான் பாதுகாப்பு வால்வு. சூடு போதும் என்றதும் கரண்ட்டை நிறுத்த வேண்டிய சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அளவுக்கு மேல் சூடானதால்தான் காபி கருகியது. மிஞ்சின ஆவி வெளியே போக இருந்த ஒரே வழியை நான் அடைக்கச் சொல்லிவிட்டேன். பதினாறு வருஷமாகப் பாய்லரோடு மாரடிக்கிறவன், மெஷினின் பிரஷர் மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை! இன்று இங்கே ஒரு வால்வைச் சோதிக்கும்போதுதான் பொறி தட்டியது. அதை அடைத்து வைத்தால் மெஷின் வெடிக்கும். கப்பை வைத்துவிட்டு, குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பாயே, அதுதான் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

ஏன் கேட்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு லீவு கிடைத்ததா என்று நீ ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட அவசரப்பட்டேன். அதற்குள் நீ கேட்டே விட்டாய். கிடைக்கவில்லை என்றேன், சண்டை வந்தது. நிஜத்தில் நான் லீவே கேட்கவில்லை அக்கா. இங்கே ஆட்களைக் குறைக்கிறார்கள், வாயைத் திறக்கப் பயம். இன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

மூடியை இப்போது தொடாதே. மெஷினை ஒரு நாள் முழுக்க ஆறவிடு. முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு மாமா கழற்றட்டும். அந்தச் சுவிட்சை மாற்றாமல் மறுபடியும் போடவே போடாதீர்கள்.

இவர் உன் வீட்டுக்கு வந்து சேர நாளைக் காலை பத்து மணியாகும். நீங்கள் காபி குடிப்பது ஆறரைக்கு. நடுவில் இருக்கிற அந்த நேரத்தை நான் எப்படிக் கடத்தப்போகிறேனோ தெரியவில்லை.

இதை நீ படித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும்? என்னை மன்னிக்க வேண்டாம். ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, வாய் வலிக்கிற மட்டும் திட்டிவிட்டு வை.

உன் குரலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
தம்பி